கண்காணி இல்லாத கட்டடவேலை
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நமது ஆண்டுக் கூட்டங்களில் சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இவ்வாண்டு விஞ்ஞானப் பொருள் ஒன்று பேசப்பட வேண்டும் என்று சங்கத்தார் விரும்பினார்கள். ஆகையால் நம் கண்ணுக்குத் தெரியாததும், ஆனால் நாம் பிடிக்கும் பீலித் தண்ணீரிலும், மிதிக்கும் மண்ணிலும், நம் வயிற்றுக்குள்ளும் நிறைந்திருப்பதுமான ஒன்றை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம். அது பற்றீரியா தின்னி என்னும் வைரசு.

பற்றீரியா என்பது ஒரே கலத்தாலான சிற்றுயிர். வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு முதலியவற்றை உண்டாக்குவன பற்றீரியாக்களே. தயிரைத் தோய்ப்பனவும் அவையே. நமக்கு நோய் தரும் இச்சிற்றுயிருக்கும் நோய் உண்டு என்பதைக் கேட்டால் சிலர் வியப்படையலாம். பற்றீரியாவைப் பிடித்து, அதனுள்ளே பெருகி, முடிவில் அதை வெடிக்கச் செய்யும் வைரசுகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் பற்றீரியா தின்னி என்று பெயர். இனிச் சுருக்கமாகத் தின்னி என்றே சொல்வோம்.

இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. இதன் வரலாற்றில் ஒரு பங்கு பாரத நாட்டு ஆற்றங்கரைகளில் நிகழ்ந்தது. ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராயிருந்த எர்னஸ்ட் ஹான்கின் என்பவர் 1896ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கங்கை நீரிலும் யமுனை நீரிலும் வாந்திபேதிக் கிருமிகளை இட்டால் அவை சில மணி நேரத்தில் மடிகின்றன என்றும், அதே நீரைக் கொதிக்கவைத்த பிறகு இட்டால் மடிவதில்லை என்றும் அவர் எழுதினார். கொதிக்கும்போது ஆவியாகிப் போய்விடும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று அவர் எண்ணினார். அது தின்னியின் வேலைதானா என்பதை ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிட்டு வருகின்றனர்.

கங்கையைத் தாயென வணங்கும் நமக்கு இச்செய்தி இனிக்கும். ஆயினும் இனிப்போடு நின்றுவிடலாகாது. தின்னி பெருகுவதற்குப் பற்றீரியா வேண்டும். பற்றீரியா மலிந்த இடத்திலேதான் தின்னியும் மலியும். சாக்கடை நீரில் தின்னிகள் ஏராளம் என்பது ஆராய்ச்சிக்கூடத்தார் அனைவரும் அறிந்தது. ஆதலால் ஒரு நீரில் தின்னி இருக்கிறது என்பது அந்நீரை அப்படியே குடிக்கலாம் என்பதற்குச் சான்று ஆகாது. கங்கை நீரின் ஆற்றலை எழுதிய அதே ஹான்கின், வாந்திபேதி பரவிய ஊர்களின் கிணறுகளில் பொற்றாசியம் பரமங்கனேற்று என்னும் ஊதாநிற உப்பைக் கரைத்துச் சுத்தஞ் செய்யும்படி வற்புறுத்தியவருமாவார். வணக்கம் வேறு, சுகாதாரம் வேறு; இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தவர்க்குக் குறை ஒன்றும் இல்லை.

பின்னர் 1915இல் இங்கிலாந்தில் பிரெடரிக் துவோட் என்பவரும், 1917இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பீலிக்ஸ் தெரேல் என்பவரும், பற்றீரியாவை அழிக்கும் இந்த நுண்பொருளைத் தனித்தனியே கண்டு எழுதினார்கள். தெரேல் வயிற்றுளைவு நோயாளரிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தின்னி என்ற பொருளில் அமைந்த மேனாட்டுப் பெயரும் அவர் இட்டதே. 1927இல் அவர் இந்தியாவுக்கு வந்து வாந்திபேதி நோயாளருக்குத் தின்னியைக் கொடுத்துப் பார்த்தார். அதனைத் தொடர்ந்து பட்னாவில் அஷெஷோவ் என்பவரும், அஸ்ஸாமில் ஷில்லொங் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த மோரிசன் என்பவரும் ஆராய்ச்சியை நடத்தினார்கள். அஸ்ஸாமின் நௌகொங் மாவட்டத்துக் கிராமங்களில் தின்னிக் கரைசல் அடைத்த கண்ணாடிக் குப்பிகள் 1930களில் வழங்கப்பட்டன.

நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்த வழியை எண்ணிப் பார்ப்போர்க்கு வாந்திபேதி என்ற சொல் வெறும் சொல்லன்று. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேரை அந்நோய் வழியிலேயே கொண்டுபோயிற்று. பின்னாளில் மண்டபம் முகாமில் ஆட்களை மறித்து வைத்ததற்கும் அந்த அச்சமே ஒரு காரணம். அஸ்ஸாமும் நம்மைப் போலவே வெளியூரிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்து தேயிலை வளர்த்த நாடு. ஆகவே அக்குப்பிகளின் கதை நமக்குத் தூரத்துக் கதையன்று.

ஆனால், குப்பியில் அடைத்துக் கொடுத்தவர்களும் தாம் கொடுக்கும் பொருளின் உருவத்தைக் கண்டதில்லை. சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அது தென்படாது. 1940இல் ஜெர்மனியில் ஹெல்மூட் ருஸ்கா என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கொண்டு முதன்முதலாகத் தின்னியைப் படம் பிடித்தார். அதன் பிறகே இதன் அமைப்பு மெல்ல மெல்ல விளங்கலாயிற்று.

தின்னிகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது ரீ-4 என்பது. நமது குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பற்றீரியாவை அது தாக்கும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். ரீ-4 தின்னியின் உடல் தலை முதல் வால் முடிய ஏறத்தாழ 200 நனோமீற்றர். ஐயாயிரம் தின்னிகளை வரிசையாகப் படுக்கவைத்தால் ஒரு மில்லிமீற்றர் வரும். இத்துணைச் சிறிய உடலில் தலை, கழுத்து, வால், வாலின் அடியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து கால்களைப் போல நீளும் ஆறு நீண்ட நார்கள் ஆகிய உறுப்புக்கள் உள்ளன. கால் மடக்கி நிற்கும் சிலந்தியின் முதுகில் ஒரு பட்டை தீட்டிய பளிங்குக் கல்லைத் தூக்கி வைத்தாற் போன்ற தோற்றம்.

தலை 20 முகங்களும் 12 மூலைகளும் உடைய கூடு. அது சற்று நீண்டது; நீளம் 120 நனோமீற்றர், அகலம் 86 நனோமீற்றர். அதன் சுவர் ஒரே வகைப் புரதத்தின் 930 பிரதிகளை அடுக்கிக் கட்டியது. 12 மூலைகளில் 11 மூலைகளை வேறொரு புரதம் ஐந்தைந்தாக நின்று மூடுகிறது. எஞ்சிய ஒரு மூலையே வாசல். அந்த வாசலில்தான் வால் பொருந்தும்.

தலைக்குள் இருப்பது டி.என்.ஏ. என்னும் பரம்பரை நூல். அதை நீட்டினால் ஏறத்தாழ 57,000 நனோமீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் தலையின் நீளத்தைப் போல 470 மடங்குக்கு மேல்! தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக இரயில் சுற்றிச் செல்லும் வளையத்துக்கு, ஒரு கண்காணியார் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதே வழிகாட்டிற்று என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, தலைப்பாகை நல்ல உவமை. நீண்ட துணி தலையைச் சுற்றி அடங்குவது போல, தின்னியின் நூல் தலைக்குள்ளே சுற்றிச் சுற்றி நெருக்கமாக அடங்கியிருக்கிறது.

வால் ஒன்றனுள் ஒன்று அமைந்த இரண்டு குழாய்களால் ஆனது. உள்ளே கெட்டியான குழல். வெளியே சுருங்கத்தக்க உறை. உறையில் ஆறாறு புரதங்கள் கொண்ட 23 வளையங்கள், ஆகமொத்தம் 138 புரதங்கள், புரிபோல் முறுக்கி அடுக்கப்பட்டுள்ளன. நீண்ட நார்கள் பற்றீரியாவின் மேற்பரப்பைத் தொட்டு, இதுதான் தனக்குரிய இனம் என்று உறுதி செய்ததும் அடித்தட்டின் வடிவம் மாறுகிறது. குட்டையான ஆறு நார்கள் கீழிறங்கி நங்கூரம் போலப் பற்றிக்கொள்கின்றன. உடனே உறை தன் நீளத்தில் பாதிக்கும் குறைவாகச் சுருங்க, உள்ளே இருக்கும் குழல் பற்றீரியாவின் சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. தலையிலுள்ள நூல் அக்குழல் வழியாக உள்ளே பாய்கிறது. புரதக்கூடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. பரம்பரைச் செய்தியைக் கொண்டு செல்வது புரதமன்று, டி.என்.ஏ.யே என்ற பெரிய உண்மைக்கு 1952இல் ஹேர்ஷியும் மார்த்தா சேஸும் வலிய சான்று கண்டது ரீ-4இன் உடன்பிறப்பான ரீ-2 தின்னியின் இந்தச் செயலைக் கொண்டுதான்.

இனி இன்றைய உரையின் உயிர்நிலைக்கு வருவோம். உள்ளே போனது ஒரு நூல் மட்டுமே. அரை மணி நேரம் செல்வதற்குள் பற்றீரியா வெடித்து, நூறு முதல் இருநூறு வரையான முழுத் தின்னிகள் வெளியே வருகின்றன. இவற்றை உள்ளே கட்டியவர் யார்? மேற்பார்வை செய்தவர் யார்?

இங்கே நமது ஊர்ப் பாலத்தைத் துணைக்கு அழைப்போம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தை அறியாதவர் இங்கில்லை. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய பாலம் அது. வளைவு எழுப்புவோர் முதலில் மரத்தால் சாரம் கட்டி, அதன் மேல் கற்களை அடுக்குவர். உச்சிக்கல் பொருந்தியதும் சாரத்தைப் பிரித்து எடுத்துவிடுவர். இன்று நாம் பார்ப்பது வளைவை மட்டுமே. சாரத்தின் சுவடுகூட இல்லை.

தின்னியின் தலையும் அவ்வாறே கட்டப்படுகிறது. முதலில் வாசல் அமைகிறது. அந்த வாசலைத் தொடக்கமாகக் கொண்டு, உட்புறத்தில் சாரப் புரதங்கள் ஒன்றுகூட, அவற்றைச் சுற்றிச் சுவர்ப் புரதங்கள் அடுக்கப்படுகின்றன. கூடு மூடியவுடன் உள்ளிருக்கும் ஒரு புரதம் கத்தரிபோல வேலை செய்து சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. துண்டுகள் வெளியேற, உள்ளே இடம் ஒழிகிறது. பிறகு கூடு விரிந்து சுவர் உறுதிப்படுகிறது.

வெறுமையான கூட்டின் வாசலில் ஐந்து புரதங்கள் சேர்ந்த ஓர் இயந்திரம் வந்து பொருந்தி, டி.என்.ஏ. நூலை உள்ளே இழுத்துத் திணிக்கிறது. விநாடிக்கு 2,000 படிகள் வரையும் நூலை அது இழுக்க வல்லது. தலை நிறைந்ததும் நூல் அறுக்கப்பட்டு இயந்திரம் விலகிவிடுகிறது. இந்த இயந்திரத்தின் அமைப்பை அமெரிக்காவில் பணிபுரியும் இந்தியப் பேராசிரியர் வெனிகல்லா ராவும், மைக்கேல் ரொஸ்மன் என்ற அறிஞரும், தம் குழுவினருடன் 2008இல் விளக்கினார்கள்.

தலை ஒரு பக்கம் உருவாகும்போதே வால் மற்றொரு பக்கம் உருவாகிறது. ஒரு குடத்தைச் சுற்றி ஆறு ஆப்புக்கள் சேர்ந்து அடித்தட்டு ஆகின்றன. தட்டின் மேல்தான் உட்குழல் வளரும். குழலின் புரதம் கலத்துக்குள் எவ்வளவு மிதந்தாலும், தட்டு இல்லாமல் அது குழலாகக் கூடுவதில்லை. குழல் எவ்வளவு நீளம் வளர வேண்டும் என்பதற்கு ஒரு புரதமே அளவுநாடாவாக உள்ளே நீண்டு கிடக்கிறது. அந்த அளவு வந்ததும் வளர்ச்சி நிற்கிறது. குழல் இருந்தால்தான் அதன் மேல் உறை சேரும்.

மூன்றாவது வரிசையில் நீண்ட நார்கள் தனியே தயாராகின்றன. நிறைந்த தலையும் முடிந்த வாலும் ஒன்றையொன்று சந்தித்தவுடன் தாமே இணைகின்றன. அவை இணைந்த பிறகே நார்கள் வந்து பொருந்தும். வால் மட்டும் தனித்து இருக்கையில் நார்கள் அதை நாடுவதில்லை. கொழுந்து வாடாமல் உருட்டப்படுவதில்லை, உருட்டப்படாமல் புளிக்கவைக்கப்படுவதில்லை அல்லவா? தேயிலைத் தொழிற்சாலையில் அந்த ஒழுங்கைக் காக்க மணியோசையும் மேற்பார்வையாளரும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை.

இதை எவ்வாறு அறிந்தார்கள்? கலிபோர்னியாவில் எட்கர், வூட் என்ற இருவர் 1966இல் ஓர் அழகிய சோதனையை வெளியிட்டார்கள். பரம்பரை நூலில் பழுதுற்ற தின்னிகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஒருவகையால் தலை கட்ட இயலாது, ஆனால் வால்கள் நிறையத் தேங்கும். மற்றொருவகையால் வால் கட்ட இயலாது, ஆனால் தலைகள் தேங்கும். இரண்டும் தனித்தனியே பயனற்றவை. இரண்டின் சாற்றையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து வைத்தார்கள். உயிருள்ள பற்றீரியா எதுவும் அக்குழாயில் வேலை செய்யவில்லை. ஆயினும் தலைகள் வால்களோடு சேர்ந்து, நார்களும் பொருந்தி, பற்றீரியாவைத் தாக்கவல்ல முழுத் தின்னிகள் உண்டாயின! வெவ்வேறு பழுதுகளை இவ்வாறு மாற்றி மாற்றிக் கலந்து, எந்த உறுப்புக்குப் பின் எந்த உறுப்பு என்ற வரிசை முழுவதையும் எழுதினார்கள்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றே. கட்டளையிடுவோர் இல்லாமலும் ஒழுங்கு உண்டாகும். ஆனால் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்திய உறுப்பு அமையும்வரை காத்திருக்க வேண்டும். ஓர் உறுப்பு சேர்ந்தவுடன் அதன் வடிவம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றமே அடுத்த உறுப்புக்கு அழைப்பு. மேற்பார்வை என்பது வெளியே நிற்கும் ஒருவரிடத்தில் இல்லை. உறுப்புக்களின் பொருத்தத்திலேயே இருக்கிறது. உதவியே வேண்டாம் என்பதும் இல்லை. சாரம் உதவுகிறது, பற்றீரியாவுக்குச் சொந்தமான ஒரு புரதமும் சுவர்ப் புரதம் சரியாக மடிவதற்குத் துணைசெய்கிறது. உதவியவை எவையும் முடிந்த தின்னியில் இடம் கேட்பதில்லை.

இவ்வளவையும் கேட்டபின், தின்னி நமது நண்பன் என்று கொண்டாடத் தோன்றும். அங்கும் ஒரு நிதானம் வேண்டும். வாந்திபேதியின் கொடுமை கிருமி சுரக்கும் ஒரு நஞ்சினால் என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் நிறுவினார். அந்த நஞ்சுக்குரிய பரம்பரைச் செய்தியைக் கிருமிக்குக் கொண்டுவந்து கொடுப்பதே ஒரு தின்னிதான் என்று 1996இல் வால்டரும் மெக்கலானோஸும் கண்டார்கள். அது தலையும் வாலும் உடையதன்று, நூலிழை போன்றது. கலத்தின் சுவர் வழியாக வெளியேறும்போதே தன் புரத உறையைப் போர்த்துக்கொண்டு வருவதால், அது பற்றீரியாவை வெடிக்கச் செய்வதும் இல்லை. ஆகவே தின்னிகளில் கிருமியைக் கொல்வதும் உண்டு, கிருமிக்கு ஆயுதம் கொடுப்பதும் உண்டு. எது எதுவென்று அமைப்பையும் செய்தியையும் ஆராய்ந்து அறிந்த பின்னரே மருந்தாக்க வேண்டும். அஸ்ஸாம் குப்பிகளின் காலத்தில் அந்த அறிவு இல்லை.

அன்றைய முயற்சி மறக்கப்பட்டதற்கு ஒரு காரணம், 1940களில் பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெருகி வந்தமை. அவை கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தன. ஆனால் கண்டபடி வழங்கியதால் பற்றீரியாக்கள் அவற்றுக்கு மசியாதனவாக மாறி வருகின்றன. மருந்துக்கு மசியாத பற்றீரியாவை நேரடிக் காரணமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022இல் வெளியான கணக்கு கூறுகிறது. எனவே மருத்துவ உலகம் மீண்டும் தின்னியின் பக்கம் திரும்பியிருக்கிறது. 1923இல் தொடங்கிய ஜோர்ஜியா நாட்டுத் திபிலிசி நிலையம் அந்த மருத்துவத்தை இடைவிடாது காத்து வந்தது. 2016இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றினால் மரணத் தறுவாயில் கிடந்த ஒருவர், அவரது கிருமிக்கென்றே தேடி எடுத்த தின்னிகளால் பிழைத்தார். ஆயினும் இது இன்னும் பெரிய மருத்துவமனைகளின் அரிய சிகிச்சை. நமது தோட்டத்து மருந்துச்சாலைக்கு அது வரக் காலம் செல்லும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் உயிர் காப்பவை. பீலித் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிப்போம். மலையின் மேல் லயத்துக் கழிவு கலந்த நீர் கீழ் லயத்துக் குழந்தையின் கோப்பைக்கு வருகிறது என்பதை மறவாதிருப்போம். தடுமனுக்கும் சாதாரணச் சளிக்கும் காரணம் வைரசு; நுண்ணுயிர்க்கொல்லி அதைத் தொடாது. ஆதலால் அந்த மாத்திரையைத் தாருங்கள் என்று வைத்தியரை வற்புறுத்தாதிருப்போம். அவர் ஆராய்ந்து கொடுத்தால், உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அயல்வீட்டுக்குக் கொடுக்காதிருப்போம். மூத்தோர் இதை வீட்டில் நடத்திக் காட்டுக. இளைஞர் இதன் காரணத்தை லயந்தோறும் விளக்குக.

இளைஞர்களுக்கு இன்னும் ஒரு சொல். இன்று நாம் கூறியவற்றுள் புரியாத மந்திரம் எதுவும் இல்லை. சாரம், வாசல், அளவுநாடா, ஆப்பு, தலைப்பாகை என்று நம் வீட்டுச் சொற்களாலேயே உலகத்தின் மிக நுண்ணிய கட்டடத்தைச் சொல்லிவிட முடிந்தது. நம் தோட்டத்துப் பள்ளிகளில் விஞ்ஞான ஆசிரியர் குறைவு, ஆய்வுகூடம் குறைவு என்ற குறைகள் மெய்யே. அவற்றைக் கேட்டுப் பெறுவது நமது கடமை. ஆனால் விஞ்ஞானம் நமக்கு எட்டாதது என்று எண்ணுவது மட்டும் மெய்யன்று. கங்கைக்கரையிலும் கல்கத்தாவிலும் தொடர்ந்த இந்த ஆராய்ச்சியின் அடுத்த படியை ஊவாவின் மலையிலிருந்து புறப்படும் ஒரு மாணவனோ மாணவியோ எடுத்து வைக்கக் கூடாதா? அதற்கான சாரத்தைக் கட்டும் வேலை நமது சங்கத்துடையது. கட்டடம் நின்ற பிறகு சாரத்தை எவரும் நினையாவிட்டாலும் பாதகமில்லை.